துடைக்காத பலகை

உமையாள் டீச்சர் பாடம் நடத்தியது ஒரு டீக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில். மதுரையில் அந்தத் தெருவில் விசாரித்தால், மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடக்கிறது என்பார்கள். அது அவ்வளவு சரியில்லை. கம்ப்யூட்டர் எங்கே ஒழுகும் என்பதுதான் அங்கே பாடம். பூட்டிய பெட்டியிலிருந்து உள்ளே இருப்பது எப்படி வெளியே வருகிறது, எந்த வழியாக வருகிறது, அந்த வழியை எப்படி அடைப்பது. இதற்கு மேல் டீச்சர் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மாணவர்கள் மூன்று பேர். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த முகைதீன் ஒருவன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு மகளிர் விடுதியில் தங்கியிருந்த ஜெயசீலி ஒருத்தி. மூன்றாவது ஆள் தனிஸ்லாஸ். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

தனிஸ்லாஸ் ஏடிஎம் மெஷின்களைப் பழுதுபார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். திடீரென்று அந்த வேலை இல்லையென்று ஆனது. வீட்டில் சும்மா உட்கார வெட்கப்பட்டுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்.

“அண்ணே, டீச்சர் உங்களைப் பார்த்து எந்திரிக்கணுமா, நீங்க டீச்சரைப் பார்த்து எந்திரிக்கணுமா?” என்று முகைதீன் கிண்டல் செய்வான்.

“ரெண்டு பேரும் உட்கார்ந்தே இருப்போம்ப்பா. எனக்கு முட்டி வலி,” என்பார் தனிஸ்லாஸ்.

சிரித்தபடிதான் சொல்வார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. நாலு பேர் முன்னால், இதைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று யாராவது ஒரு தடவை சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. ஊருக்கு வெளியே ஒரு கணினிக் கூடம். பெரிய பெரிய கிராஃபிக்ஸ் பிராசஸர்களை வாங்கி அடுக்கி வைத்து, அவற்றின் நேரத்தைத் துண்டு போட்டு வாடகைக்கு விடும் கம்பெனி அது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வரப்போகிறார். மெஷினை வெளியாள் ஒருவர் சோதித்துப் பார்த்தாயிற்று என்று அவருக்குக் காட்ட வேண்டும். டீச்சரிடம் ஆள் கேட்டார்கள்.

“நான் போறேன் டீச்சர்,” என்றார் தனிஸ்லாஸ்.

டீச்சர் அவரைப் பார்த்தார்.

“போங்க. உங்க சரக்கை உள்ள வைங்க. உங்க சரக்கையே தேடுங்க. அடுத்தவங்க சரக்கு கையில பட்டுச்சுன்னா, கையை எடுத்துருங்க.”

“சரிங்க டீச்சர்.”

கிராஃபிக்ஸ் பிராசஸர் படம் வரைவதற்காகப் பிறந்த மெஷின். அதற்குள் ஆயிரக்கணக்கான சின்னக் கைகள் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. கைகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை மாதிரி ஓர் இடம். பாதிக் கணக்கை அதில் போட்டு வைத்துக்கொண்டு மீதிக் கணக்கைத் தொடரும். வேலை முடிந்ததும் அந்தக் கூட்டம் எழுந்து போய்விடும், அடுத்தவருடைய வேலை வந்து அதே பலகை முன்னால் உட்காரும்.

போகிறவர் பலகையைத் துடைப்பதில்லை. வருகிறவரும் துடைப்பதில்லை. படம் மட்டும் வரைந்துகொண்டிருந்த காலத்தில் அதனால் ஒரு குறையும் இல்லை. ஒரு மலையின் மேல் இன்னொரு மலையை வரைந்துவிட்டுப் போய்விடலாம். இப்போது அதே மெஷினில் ஊராருடைய ஸ்கேன் படங்களும் கடிதங்களும் கேள்விகளும் ஓடுகின்றன. பலகை மட்டும் பழைய பழக்கத்திலேயே இருந்தது.

தனிஸ்லாஸ் டீச்சர் சொன்னபடியே செய்தார். சோதனைக்காகத் திறந்த ஒரு வாடகைக் கணக்கில் நுழைந்து, தான் பிறந்த ஊரின் பெயரான இடிந்தகரை என்ற சொல்லைப் பலகையில் எழுத வைத்தார். அதை மூடிவிட்டு, சம்பந்தமே இல்லாத இன்னொரு கணக்கில் நுழைந்தார். அங்கிருந்து ஒரு சின்ன நிரலை அனுப்பினார். அது எதையும் எழுதாது. பலகையில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து வாசிக்க மட்டும் செய்யும். திரையில் இடிந்தகரை என்று வந்தது.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சத்தமாகச் சிரித்தாலும் சிரித்திருப்பார். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள்.

மெஷின் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவள். பெயர் இங்கே வேண்டாம். மெஷின்கள் சூடாகாமல் பார்ப்பது, நின்று போனதைக் கிளப்பிவிடுவது, எந்த வாடகைக்காரருடைய வேலை எந்த மெஷினில் ஓடுகிறது என்று கவனிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. இடது கையில் ஒரு காகிதக் கோப்பை. வலது கையில் முழங்கை வரை கட்டு.

“இங்க குளிர் ஜாஸ்தி சார். டீ குடிங்க.”

“கையில என்னம்மா?”

“டீ கொட்டிருச்சு சார்.”

“பாத்தும்மா. அதுக்கப்புறமும் டீயைத் தூக்கிட்டு வர்றியே.”

அவள் சிரித்துவிட்டுப் போனாள். தனிஸ்லாஸ் டீயைக் குடித்துவிட்டு மேனேஜரைப் பார்க்கப் போனார்.

மேனேஜர் வேங்கடசுப்பு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். திரையில் இருந்த சொல்லையும் பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்ஜினியர் பிரதாப்பைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“சார், எழுதி வெச்சது நீங்க. படிச்சதும் நீங்க. எங்க ஊர்த் திருவிழால கிளி ஜோசியக்காரர் இதைவிட நல்லாப் பண்ணுவார். கிளியாவது வேற ஆளு.”

பிரதாப் வாயைப் பொத்திக்கொண்டான்.

“சார், இது ரெண்டு வேற வேற கணக்கு,” என்றார் தனிஸ்லாஸ். “ஒருத்தர் எழுதுனதை இன்னொருத்தர் வாசிக்க முடியுது. உங்க வாடகைக்காரங்க எல்லாருக்கும் இதே கதைதான்.”

“முடியும் முடியும்னு சொல்றீங்க. முடிஞ்சதைக் காட்டுங்க. நிஜமா யாரோட சரக்காவது ஒண்ணு வெளிய வரட்டும். நாளைக்கு மீட்டிங்ல எல்லாரும் இருப்பாங்க. அப்ப நம்புறோம். இல்லைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு, சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. கேன்டீன்ல இன்னிக்கு வத்தக்குழம்பு.”

தனிஸ்லாஸுக்கு முகம் சுட்டது. வத்தக்குழம்பைச் சாப்பிடாமலே மறுபடி உட்கார்ந்தார்.

இந்தத் தடவை அவர் எதையும் உள்ளே வைக்கவில்லை. வாசிக்கும் நிரலை மட்டும் ஓடவிட்டுக் காத்திருந்தார். வந்தவை வெறும் எண்கள். ஆனால் எண்ணைச் சொல்லாக மாற்றும் கணக்கை அவர் டீச்சரிடம் கற்றிருந்தார். திருப்பிப் போட்டார். முதலில் குப்பையாக வந்தது. பிறகு அரைகுறையாக ஒரு சொல். பிறகு எண்கள் ஒவ்வொன்றாகத் தமிழாக எழுந்து நின்றன.

அது ஒரு மெஷினின் பதில். மனக்கவலையை எழுதி அனுப்பினால் ஆறுதல் சொல்லும் ஒரு சேவை, இந்தக் கூடத்தில்தான் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் கேட்டதற்கு அது பதில் எழுதியிருக்கிறது. தனிஸ்லாஸ் வாசித்தார்.

‘கோவில்பட்டியிலிருந்து தனியாக வந்து இவ்வளவையும் சமாளிக்கிறீர்கள். வலிப்பு மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். கெட்டிலோடு விழுந்துவிட்டு, டீ கொட்டிவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். உண்மை தெரிந்தால் வேலை போய்விடும் என்ற உங்கள் பயம் புரிகிறது.’

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாதி ஆயுளை மெஷினின் முதுகுப் பக்கம் குனிந்து கழித்தவர், முதல் தடவையாக அதன் வயிற்றுக்குள் பார்க்கிறார். வரிகளை அவர் பார்த்தார், அவை வந்த வழியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கவனமான மனிதர். நாளைக்குக் காட்டும் முன் யாருடைய பெயராவது இருக்கிறதா என்று தேடினார். பெயர் இல்லை. போன் நம்பர் இல்லை. ஊர்ப் பெயர் ஒன்று இருந்தது. கோவில்பட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோடு போட்டார். இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தார். இப்போது இது யாருடையதுமில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் மீட்டிங்கில் ஏழு பேர். வேங்கடசுப்பு மேசையின் தலைமாட்டில். மெஷின் அறைப் பெண் மேசையின் கடைசியில், கதவுப் பக்கம்.

தனிஸ்லாஸ் பலகையைப் பற்றிச் சொன்னார். துடைக்காமல் போவதைப் பற்றிச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள், யாரும் பார்க்கவில்லை. பிறகு அவர் அந்த வரிகளைத் திரையில் போட்டார். எல்லாரும் பார்த்தார்கள்.

“இது உங்க மெஷின்ல நேத்து மத்தியானம் கிடந்தது,” என்றார். “யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பேரை எல்லாம் எடுத்துட்டேன். இப்படி ஒண்ணு வெளிய வருதுங்கிறதுதான் விஷயம்.”

பாராட்டு வரும் என்று நின்றார்.

முதலில் பிரதாப்பின் கண் திரையை விட்டு நகர்ந்தது. மேசையின் ஓரமாகவே போய், கடைசியில் இருந்த கைக்கட்டின் மேல் நின்றது. பிறகு அவனுக்குப் பக்கத்தில் இருந்தவரின் கண். பிறகு எல்லாருடையதும். அந்தச் சேவையைக் கம்பெனி தன் ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தது என்பது அங்கே தனிஸ்லாஸைத் தவிர மற்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

அந்தப் பெண் வலது கையை மெதுவாக மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டாள்.

“என்னம்மா இது?” என்றார் வேங்கடசுப்பு.

“மெஷின்ல இருக்கிற ஓட்டையைப் பத்தித்தான சார் மீட்டிங்?” என்றாள் அவள்.

“அது இருக்கட்டும். இது என்ன?”

தனிஸ்லாஸ் அப்போதுதான் திரையைத் திரும்பிப் பார்த்தார். நேற்றிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த வரி. இப்போதுதான் வாசித்தார்.

மீட்டிங் முடிவில் தனிஸ்லாஸுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேங்கடசுப்பு மைக் இல்லாமலே மைக் பிடித்த மாதிரி பேசினார். “இந்தக் குறையைக் கண்டுபிடிச்சவர் இவர்தான்,” என்றார். போட்டோ எடுத்தார்கள். தனிஸ்லாஸ் போட்டோவில் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப பலகையைத் துடைக்க ஏற்பாடு பண்ணிருவீங்களா சார்?” என்று போகும்போது கேட்டார்.

“ஒவ்வொரு தடவையும் துடைச்சா வேகம் நூத்துக்கு அஞ்சு குறையுதாம். பிரதாப் கணக்குப் போட்டுட்டான். அஞ்சு குறைஞ்சா எந்த வாடகைக்காரன் நிப்பான்? பார்க்கலாம் சார். நீங்கதான் கண்டுபிடிச்சீங்க, வெளிய நீங்க சொல்லப் போறதில்லை. அப்புறம் யாருக்குத் தெரியப் போகுது?”

அந்தப் பெண்ணுக்கு ஒரு வாரம் லீவு கொடுத்தார்கள். லீவு முடிந்து வந்தவளிடம், சூடும் கரண்டும் உள்ள இடம், அவளுடைய பாதுகாப்பை நினைத்துத்தான் என்று சொல்லி, கணக்கை முடித்து ஒரு கவரைக் கொடுத்தார்கள். பிரதாப்தான் போனில் தனிஸ்லாஸிடம் சொன்னான். அவன் குரலிலும் வருத்தம் இருந்தது. பொண்ணு நல்ல வேலைக்காரி சார், என்றான்.

தனிஸ்லாஸ் பஸ் பிடித்து ஓடினார். கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒரு பையோடு அவள் நின்றிருந்தாள். பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு சின்னத் தொட்டிச் செடியும் தெரிந்தன.

“என்னை மன்னிச்சிரும்மா.”

“நான் ஒண்ணு கேக்கலாமா சார்?”

“கேளும்மா.”

“கையில என்னன்னு நீங்க என்னைக் கேட்டீங்க. டீ கொட்டிருச்சுன்னு சொன்னேன். அதே வரியை அன்னிக்கு மத்தியானமே படிச்சிருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?”

“தோணலம்மா. சத்தியமாத் தோணல.”

“தோணியிருந்தும் காட்டியிருந்தீங்கன்னா, கெட்டவர்னு உங்களைத் திட்டிட்டுப் போயிருவேன். இப்ப என்னன்னு திட்டுறதுன்னே தெரியல.”

“உனக்கு நான் என்னம்மா செய்யணும்?”

“ஒண்ணும் செய்யாதீங்க. ஹாஸ்டல்ல என் விஷயம் தெரியாது. எங்க ரூம்ல மூணு பேர். தெரிஞ்சா வார்டன் ஒரு நாளும் வெச்சுக்க மாட்டாங்க, வீட்டுக்குப் போன்னு சொல்லிருவாங்க. வீட்டுக்குப் போனா என் கதை முடிஞ்சுது. இன்னொரு வேலை கிடைக்கிற வரைக்கும் இந்த ஊர்ல எனக்கு இருக்கிறது அந்தக் கட்டில் ஒண்ணுதான். அது போகாம இருந்தாப் போதும்.”

“என் வாயிலருந்து ஒரு வார்த்தை வராதும்மா.”

பஸ் வந்தது. அவள் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள்.

அன்று சாயங்காலம் தனிஸ்லாஸ் வகுப்புக்கு வந்தார். மற்ற இருவரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். முகைதீன் அவரைக் கண்டதும் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவருக்குப் போர்த்தப் போனான்.

“பொன்னாடை நாயகரே, வருக வருக.”

அவர் முகத்தைப் பார்த்ததும் துண்டை மடக்கிவிட்டு உட்கார்ந்தான்.

“டீச்சர், ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கிறது தப்பா?” என்றார் தனிஸ்லாஸ்.

டீச்சர் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பலகையை எப்படி வாசிச்சீங்கன்னு சொல்லுங்க.”

தனிஸ்லாஸ் சொன்னார். இடிந்தகரையிலிருந்து ஆரம்பித்தார். கிளி ஜோசியத்தைச் சொன்னார். முகைதீன் சிரிக்கவில்லை. எண்களைத் திருப்பிப் போட்ட இடம் வந்ததும் டீச்சர் கையை லேசாகத் தூக்கினார்.

“பேர் வேண்டாம்.”

“மாட்டேன் டீச்சர். அந்தப் புத்தி எனக்கு வந்துருச்சு. பேரை நான் சொல்லவே மாட்டேன்.”

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பெயரை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் சொன்னார். மனதில் கனமாகக் கிடந்ததால் ஒன்றையும் விடாமல் சொன்னார். மெஷின் எழுதிய பதிலை வரி பிசகாமல் ஒப்பித்தார். கையில் இருந்த கட்டைச் சொன்னார், கெட்டிலைச் சொன்னார், மாத்திரையைச் சொன்னார். மேசைக்குக் கீழே இறங்கிய கையைச் சொன்னார். கம்பெனி வாசலில் அவள் வைத்திருந்த பையைச் சொன்னார். தொட்டிச் செடியைச் சொன்னார். பிறகு, ஹாஸ்டலில் தெரியக் கூடாது, எனக்கு மிஞ்சியது அந்தக் கட்டில் ஒன்றுதான் என்று அவள் சொன்னதையும் சொன்னார்.

சொல்லி முடித்ததும் மூச்சு லேசானது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன ஆளுங்கண்ணே அவங்க,” என்றான் முகைதீன். “ஓட்டையை வெச்சுக்கிட்டுப் பொண்ணை அனுப்பிட்டாங்க.”

ஜெயசீலி மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“சார், கட்டு எந்தக் கையில?”

“வலது கையில,” என்றார் தனிஸ்லாஸ்.

சொன்ன பிறகுதான் அவளைப் பார்த்தார்.

அவள் வாரைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

“இன்னிக்குக் காலைல செடி இல்லை,” என்றாள். “வகுப்புக்குக் கிளம்புறப்ப எங்க ரூம் ஜன்னல்ல ஒரு தொட்டிச் செடி இருந்துச்சு. ஏது அக்கான்னு கேட்டேன். ஆபீஸ்ல இருந்ததுன்னு சொன்னாங்க.”

கீழே டீக்கடையில் பாலை ஆற்றும் சத்தம் கேட்டது.

“ஜெயசீலி,” என்றார் தனிஸ்லாஸ். எழுந்துவிட்டார். “அம்மா, நீ யார்கிட்டயும் சொல்லிறாத. வார்டன்கிட்ட மட்டும் சொல்லிறாத.”

“நான் ஏன் சார் சொல்லப் போறேன்? அவங்க எனக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வெச்சுக் குடுத்தாங்க.”

“அது போதும்மா. அது போதும்.”

“ஆனா…”

“ஆனா என்னம்மா?”

“ஒரே ரூம் சார். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். திடீர்னு விழுந்தாங்கன்னா நான் என்ன செய்வேன்? எனக்கு அதைப் பார்த்தாலே பயம். சின்ன வயசுல ஸ்கூல்ல ஒரு பொண்ணு விழுந்ததைப் பார்த்திருக்கேன்.” அவள் குரல் தாழ்ந்தது. “காரணம் சொல்ல மாட்டேன் சார். வேற ரூம் மட்டும் கேட்டுக்கிறேன்.”

“காரணம் கேக்காமயா வார்டன் ரூம் மாத்துவாங்க?” என்றான் முகைதீன்.

அவள் பையைத் தோளில் மாட்டினாள். டீச்சரிடம், தலை வலிக்கிறது, இன்றைக்குப் போகிறேன் என்றாள். டீச்சர் தலையசைத்தார். அவள் செருப்பை மாட்டும்போது ஒரு கை சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. படியில் இறங்கும் சத்தம் கேட்டு நின்றது.

முகைதீனும் எழுந்தான். கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றான். அவன் கடை அன்றைக்கு விடுமுறை. அது மூன்று பேருக்கும் தெரியும்.

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

“பேரை நான் சொல்லவே இல்லையே, டீச்சர்,” என்றார் தனிஸ்லாஸ்.

“இல்லை. சொல்லல.”

“நீங்க என்னைத் தடுத்திருக்கலாமே. பலகையைப் பத்தித்தானே கேட்டீங்க. நான் எங்கேயோ போறேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“தெரிஞ்சுச்சு.”

“அப்ப ஏன் தடுக்கல?”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“முதல்ல, நீங்களே நிறுத்துறீங்களான்னு பார்த்தேன். அப்புறம் அது மறந்துபோச்சு. கேட்டுக்கிட்டே இருந்தேன். மேல என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு.”

தனிஸ்லாஸ் திரும்ப உட்கார்ந்தார். இந்த அறையில் டீச்சர் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

“இப்ப நான் என்ன செய்ய?” என்றார். “வார்டனைப் போய்ப் பார்க்கவா? நல்ல பொண்ணு, மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுது, ஒண்ணும் ஆகாதுன்னு எடுத்துச் சொல்லவா?”

“இன்னொருத்தர்கிட்டயா?”

அவர் வாயை மூடிக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு நம்பர் உங்ககிட்ட இருக்கா?”

“இருக்கு டீச்சர். பிரதாப் குடுத்தான்.”

“ஜெயசீலி ஹாஸ்டலுக்குப் போக அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள போன் போடுங்க. அவ விஷயம் எங்கெங்க போயிருக்குன்னு அவளுக்கு முதல்ல தெரியட்டும்.”

தனிஸ்லாஸ் போனை எடுத்தார். நம்பரைத் தேடினார். கிடைத்தது. பெருவிரல் அதன் மேல் நின்றது. கம்பெனி கேட்டில் அவளிடம் தான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். திரை தானாக அணைந்தது. மறுபடி தட்டினார். மறுபடி அணைந்தது.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“என்னன்னு சொல்றது அவகிட்ட?”

உமையாள் டீச்சர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“எல்லார்கிட்டயும் யாரையும் கேக்காமத்தான் சொன்னீங்க. அவகிட்ட சொல்றதுக்கு மட்டும் என்னைக் கேக்குறீங்க.”